ட்ரெய்லரில் நான் தேய்த்து அழித்த எண்

மார்ச் 3, செவ்வாய்

மகன் இன்றும் எழவில்லை. ஏழு மாதமும் நான்கு நாளும் ஆகிறது. அவன் வேலை பார்த்த கிடங்கில் வேன்களை விற்றுவிட்டு ஓட்டுநர்களை வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த நாளிலிருந்து எண்ணுகிறேன். அன்று வந்து படுத்தவன்தான். சாப்பிடுகிறான், குளிக்கிறான், மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான்.

காலையில் தட்டை வைத்துவிட்டு வழக்கம்போல் கதவுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆறாம் வகுப்பில் கணக்கில் தோற்றதை மறைத்தது. புதுச் சைக்கிளைப் பூட்டாமல் விட்டுத் தொலைத்தது. கல்யாணத்துக்கு முன் இரண்டு வேலையை வாயாடியே விட்டது. ஒவ்வொன்றுக்கும் மாதம், வருஷம் சொன்னேன். உறைக்கட்டும் என்றுதான். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் படுத்திருப்பான்.

மரச்சாமான் கடை வழியாக வந்தேன். சோபாக்காரர் கூப்பிட்டார். "உங்க பையன்கிட்ட ஜீப் இருக்குல்ல? பின்னால மாட்டற ட்ரெய்லர் ஒண்ணு, தரை நல்லா இருந்து, பேப்பரும் சரியா இருந்தா, ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலேர்ந்து டெலிவரி மொத்தமும் அவனுக்கே."

ட்ரெய்லர் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் செடி முளைத்துக் கிடக்கிறது. இந்த வேலை கிடைத்தால் அவன் எழுவான். கிடைக்காவிட்டால் எழவே மாட்டான். எனக்குத் தெரியும்.

மார்ச் 4, புதன்

கதவுக்கு வெளியே நின்று சோபாக்காரர் சொன்னதைச் சொன்னேன். "யாராவது சரி பண்ணட்டும்மா, பாக்கலாம்" என்றான். யாராவது. சரி, அந்த யாராவது நான்தான்.

மார்ச் 6, வெள்ளி

பழைய பலகையைப் பெயர்த்தேன். பலகை என்று சொல்லக்கூடாது, கையில் எடுத்தால் ரஸ்க் மாதிரி உதிர்கிறது. போல்டெல்லாம் துருவேறி இறுகிப்போய்விட்டது. மெக்கானிக்கிடம் கிரைண்டர் இரவல் கேட்டேன். "பாட்டி, இது மிக்ஸி இல்ல" என்றார். பட்டறையில் இருபத்தாறு வருஷம் பித்தளைக் குழாய்க்கு மெருகு போட்ட கை இது என்றேன். கொடுத்துவிட்டார். பதினெட்டு போல்டை அறுத்தேன். கை இப்போதும் உதறிக்கொண்டிருக்கிறது, எழுத்து கோணலாக வருகிறது.

கீழே இரும்புச் சட்டம் திடமாகத்தான் இருக்கிறது. மேல் துருதான். என் வீட்டுக்காரர் பற்றவைத்தது சோடை போகாது.

மார்ச் 8, ஞாயிறு

இதை எழுத வேண்டும்.

சட்டம் முழுக்கத் துருவைத் தேய்த்து எடுத்தேன். கடைசியாக, ஜீப்போடு பூட்டுகிற முன்பக்க இரும்பு. அங்கே துருவுக்கு அடியில் வரிசையாக எழுத்தும் எண்ணும் குத்தியிருந்தது. ஆங்கில எழுத்து எனக்கு வராது. ஆனால் குத்தினது யார் என்று தெரியும். என் கொழுந்தன். இருபது வருஷத்துக்கு முன்னால், இதே இடத்தில், அண்ணனும் தம்பியுமாக இந்த வண்டியைச் செய்து முடித்த அன்று, அவன் சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தான். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். "இது அழியாது அண்ணி" என்று சிரித்தான்.

மறு வருஷம் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அந்த மாதமே, இருபத்திரண்டாம் தேதி, சாயங்காலம், அவன் வந்து நின்றான். "வண்டிய நான் கொண்டுபோயிடவா அண்ணி? இங்க சும்மாதானே கெடக்கு" என்றான். சும்மாவாம்! அண்ணன் படம் மாட்டிய ஆணி இன்னும் புதுசாக மின்னிக்கொண்டிருக்கிறது, இவனுக்கு வண்டி கேட்கிறது. அப்போதுதான் புரிந்தது, அன்றைக்கே தன் அடையாளத்தைக் குத்தி வைத்துவிட்டான் என்று. கேட்டைச் சாத்தினேன். பத்தொன்பது வருஷம். ஒரு வார்த்தை பேசவில்லை.

அழியாதா? கிரைண்டரைப் போட்டு அழித்தேன். பொறி பறந்தது. கண்ணாடி மாதிரி ஆகும்வரை விடவில்லை. மெருகு போடுகிற கை அல்லவா.

பல வருஷத்துக்குப் பிறகு இன்று நல்ல பசி.

மார்ச் 9, திங்கள்

துரு பிடிக்காமலிருக்கப் பிரைமர் அடித்தேன். உடம்பெல்லாம் செங்கல் நிறம்.

மார்ச் 12, வியாழன்

நீலப் பெயிண்ட், இரண்டு கை அடித்தேன். மகன் ஜன்னலைத் திறக்கவில்லை. பெயிண்ட் வாசனைக்காவது வருவான் என்று பார்த்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

மருமகளுக்கு விடுமுறை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நாள் முழுக்க ஈரத் துணியைத் தூக்கிவிட்டு வருகிறவள், இன்று கேட்காமலே வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்தாள். பன்னிரண்டு பலகை. பலகை வாங்கிய மரக்கடைக்காரம்மா சொன்னபடி, அறுத்த முனைகளுக்கு முதலிலேயே எண்ணெய் தடவிக் காயவைத்திருந்தேன்.

நான் ஒன்றோடு ஒன்றை நெருக்கித் தள்ளினேன். அவள் தடுத்தாள். "ஒட்டி வச்சா மழைக்கு ஊதி மேல எழும்பும் அத்தை. நடுவுல மூச்சு விட எடம் வேணும்." ஒரு ஆணியை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, அந்த அளவுக்கு இடைவெளி விட்டு, அடுத்ததை முடுக்கினோம். பிறகு ஆணியை உருவி அடுத்த இடத்துக்கு. நன்றாகத்தான் செய்தாள்.

"நீ வந்த அன்னைக்கே இந்த வீட்ல காத்தே வரலன்னு சொன்னவதானே" என்றேன். பதினான்கு வருஷமாக உள்ளே இருந்தது.

"அன்னைக்கு கரண்ட் இல்ல அத்தை! ஃபேன் ஓடல!" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதையா இத்தன வருஷமா தூக்கிட்டு அலையறீங்க?"

கொழுந்தனின் அடையாளத்தை அழித்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "உங்க ஞாபகத்துக்கும் ஒரு கிரைண்டர் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். குத்தல்தான். தேதி போட்டு இங்கே எழுதிவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

ஐயோ.

வண்டியின் பதிவு காலாவதியாகி ஒன்பது வருஷம். ஆய்வாளர் வீட்டுக்கே வந்து பார்த்தார். தரையைத் தட்டிப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், எல்லாம் பிரமாதம் என்றார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்பக்கம் குனிந்தார். காகிதத்தைப் பார்க்கிறார், இரும்பைப் பார்க்கிறார்.

"சேசிஸ் நம்பர் எங்கம்மா?"

"என்ன நம்பர்?"

"பேப்பர்ல இருக்கே, இந்த நம்பர். இரும்புலயும் இதே நம்பர் குத்தியிருக்கணும். இங்க யாரோ தேச்சிருக்காங்க."

"நான்தான் தேச்சேன்."

"எதுக்கு?"

துரு என்றேன். வேறு என்ன சொல்ல?

"நம்பர் இல்லாத வண்டி திருட்டு வண்டி மாதிரிதாம்மா. என்னால கையெழுத்து போட முடியாது." நல்ல மனுஷன். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

கொழுந்தன் தன் பெயரைக் குத்தவில்லை. வண்டியின் எண்ணைத்தான் குத்தியிருக்கிறான். அந்த எண் இருந்தால்தான் அது எங்கள் வண்டி.

நான் என்ன காரியம் பண்ணிட்டேன். என் கையாலயே. பிள்ளைக்கு வழி பண்றேன்னு போய் வழிய அடச்சிட்டு வந்து நிக்கறேனே.

மார்ச் 20, வெள்ளி

தட்டை வைத்தேன். கதவுக்கு வெளியே நின்றேன். ஒன்றும் சொல்ல வரவில்லை. அவன் தப்பு எதைச் சொன்னாலும் என் தப்பு முன்னால் வந்து நிற்கிறது. சமையலறைக்குத் திரும்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "என்னம்மா, இன்னிக்கு சத்தமே இல்ல? உடம்பு சரியில்லையா?"

சொன்னேன். அவன் பின்பக்கம் போனான், லுங்கியோடு, வெறுங்காலோடு. ட்ரெய்லரைச் சுற்றி வந்தான். தேய்த்த இடத்தில் பெயிண்டுக்கு மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். திட்டுவான் என்று நின்றேன். அவன் திட்டவில்லை.

"சித்தப்பா குத்தினது. செஞ்சவர் எழுதிக் கொடுத்தா புது நம்பர் தருவாங்க. சித்தப்பாகிட்டதான் போகணும்மா."

"அவன்கிட்டயா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மார்ச் 22, ஞாயிறு

பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

போனேன்.

வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். பத்தொன்பது வருஷமாக அடுக்கியதுதான், தூசி தட்டினேன். முதலில் அந்த இருபத்திரண்டாம் தேதியைக் கேட்பது, அவன் தலை குனிவது, அப்புறம்தான் கையெழுத்து. என் ஆத்திரத்தை இறக்கி வைக்காமல் அவனிடம் ஒரு உதவி கேட்க என்னால் ஆகாது.

பட்டறை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கேட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. முழங்காலில் கட்டு. முகமூடியைத் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணி! வாங்க வாங்க. வழி தெரிஞ்சுதா? டேய், யாரு இருக்கீங்க, ஒரு நாற்காலி போடுங்க." யாரும் இல்லை. அவனே நொண்டிக்கொண்டு போய் எடுத்துவந்தான்.

உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன். "அன்னைக்கு வந்து வண்டிய கேட்டியே, ஏன் கேட்ட?"

"எந்த வண்டி?"

"ட்ரெய்லர். உங்க அண்ணன் போன மாசம். இருபத்திரண்டாம் தேதி. வாசல் கேட்ட சாத்தினேனே."

யோசித்தான். நடிக்கவில்லை. எனக்கு மனுஷர் நடிப்பு தெரியும். நிஜமாகவே யோசித்தான். "ஞாபகம் இல்லையே அண்ணி. மழைக்காலமா அது? அப்பதான் இந்த ஷெட்டு போட்டேன். மழையில நிக்க வேண்டாம், உள்ள நிறுத்தலாம்னு கேட்டிருப்பேன். பலகை போயிடுமேன்னு."

"அப்போ இத்தன வருஷம் நான் பேசாதது?"

"அண்ணன் போன துக்கம்னு நெனச்சேன். எங்களப் பாத்தா அவர் ஞாபகம் வருதோன்னு. அப்புறம் அதுவே பழகிப்போச்சு." சிரித்தான். "கோவமா இருந்தீங்களா? சொல்லியிருக்கலாமே!"

உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தன் மேல் பத்தொன்பது வருஷம் கோபமாக இருந்திருக்கிறேன், அவனுக்குத் தெரியவே தெரியாது. எரிந்ததெல்லாம் என் வீட்டுக்குள்ளேயே எரிந்திருக்கிறது. அவன் ஷெட்டில் வண்டி நின்றிருந்தால் பலகையும் உளுத்திருக்காது.

தேய்த்ததைச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான், கண்ணில் நீர் வரும்வரை. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "விடுங்க அண்ணி. எழுதிக் கொடுக்கறேன். ஆபீசுக்கும் நானே வர்றேன்."

தலை குனிந்து வந்தது நான்.

மார்ச் 26, வியாழன்

புது எண் வர மூன்று வாரம் ஆகுமாம். மூன்று வாரம்.

ஏப்ரல் 1, புதன்

சோபாக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். "நான் என்னம்மா பண்றது, சரக்கு தேங்குது" என்றார். அவர் கடை முன்னால் வேறு எவனுடைய வண்டியோ நிற்கிறது, தரையெல்லாம் ஓட்டை.

வீட்டுக்கு வந்தேன். எதற்கு என்று தெரியவில்லை, நேராக அவன் கதவுக்குப் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். சைக்கிள், கணக்கு, அப்பாவுக்கு மருந்து வாங்க அனுப்பியபோது கிரிக்கெட் பார்த்து நின்றது. அதுவரை அதை மட்டும் சொன்னதில்லை. அதையும் சொல்லிவிட்டேன். என் தப்பை மூடுவதற்கு அவனுடையதை எல்லாம் எடுத்துப் போட்டேன்.

உள்ளே கட்டில்கூடக் கிறீச்சிடவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

தட்டு அப்படியே திரும்பி வந்தது.

ஏப்ரல் 4, சனி

இன்றும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மருமகள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஊழியர் குடியிருப்பில் ஒரு அறை கொடுக்கிறார்களாம். போகிறாளாம்.

"அவன விட்டுட்டா?"

"கூப்பிட்டேன். பதில் சொல்லல."

"கட்டினவன் படுத்துக் கெடக்கும்போது போறேங்கற. நல்லா இருக்கு."

அவள் கோபப்படவில்லை. விரல் நுனியெல்லாம் சலவைத் தண்ணீரில் வெளுத்துச் சுருங்கியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அத்தை, வேலை போனதுக்கு அவர் ஒரு மாசம் படுத்தாரு. மீதிக்கு ஏன் படுத்தாருன்னு நீங்க நெனச்சுப் பாக்கவே இல்ல. காலைல கண்ண முழிச்சா, கதவுக்கு வெளிய அவர் தப்பு எல்லாம் தேதியோட வந்து நிக்குது. எந்த மனுஷன் அந்தக் கதவத் தெறந்துட்டு வருவான்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெத்தவ சொல்லாம வேற யாரு சொல்றது? நல்லதுக்குத்தானே சொன்னேன்? அவன் உருப்படணும்னுதானே? எனக்கு மட்டும் ஆசையா?

ஆனால் நான் சத்தம் போடாத ஒரே ஒரு காலை அவன் தானாகக் கதவைத் திறந்தான். மார்ச் இருபது. நானே எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். இருக்கிறது.

ஏப்ரல் 17, வெள்ளி

எண் வந்தது. கொழுந்தன் பழைய சுத்தியலோடு வந்தான். "எங்க குத்தட்டும் அண்ணி? உங்க கைக்கு எட்டாத எடமா பாக்கறேன்" என்றான். சிரிக்க முடியவில்லை. எழுத்துக்கு ஒன்றாகப் பதினேழு அடி அடித்தான். சுற்றிலும் நீலம் பெயர்ந்தது, அந்த இடத்தில் மறுபடி பெயிண்ட் தொட்டு அடித்தேன்.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். வண்டி தயார். இழுக்க ஆள் இல்லை. இழுக்க வேலையும் இல்லை.

ஏப்ரல் 25, சனி

நாளை போகிறாளாம். லாரி பிடிக்கிறேன் என்றாள். அறைக்குள்ளிருந்து அவன் குரல், "லாரி வேணாம்."

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையில் எழுந்து முகம் மழித்திருந்தான். நேற்றே ஜீப் பேட்டரிக்கு மெக்கானிக்கிடம் சார்ஜ் ஏற்றி வந்திருக்கிறான், நான் கடைக்குப் போன நேரத்தில். ஜீப்பைப் பின்னால் கொண்டுவந்து ட்ரெய்லரைப் பூட்டினான். ஒரே தடவையில் கொக்கி விழுந்தது. கைப்பழக்கம் போகவில்லை.

இரும்புக் கட்டில், அலமாரி, தையல் மிஷின், இரண்டு மூட்டை. எடை முன்னும் பின்னும் சரியாகும்படி பார்த்துப் பார்த்து ஏற்றினான். கயிற்றை இழுத்துக் கட்டினான். பலகையைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தான்.

"யாரு போட்டது?"

"நானும் உன் பொண்டாட்டியும்."

"நல்லா இருக்கும்மா."

ஏழு மாதத்தில், இல்லை, இப்போது ஒன்பது மாதத்தில், அவன் எழுந்து செய்த முதல் வேலை இது. பெண்டாட்டியைக் கொண்டுபோய் விடுவது. வாசலில் நின்று பார்த்தேன். மருமகள் என் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அதில் ஒரு முள் இருக்கும் போலிருந்தது, சொல்லவில்லை.

"மூணு மணிக்குள்ள வந்துடறேன்மா" என்றான்.

ஆறு மணி ஆகிறது.

ஏப்ரல் 27, திங்கள்

காலையில் போன் செய்தான்.

"அம்மா, நான் இங்கயே இருந்துட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சரிடா, சாப்பிட்டியா என்று கேட்டிருக்கலாம். "இருபத்தி மூணு வயசுலயும் இப்படித்தான், அந்த ஆகஸ்ட் மாசம், சொல்லாம கொள்ளாம போன" என்று வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, வந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்வேன்? நாக்கை வெட்டிப் போடவா?

"வச்சிடறேன்மா" என்றான். வைத்துவிட்டான்.

ஏப்ரல் 30, வியாழன்

பால் அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டேன்.

மே 4, திங்கள்

கொழுந்தன் வந்தான். ஊழியர் குடியிருப்புப் பக்கம் போய்ப் பார்த்தானாம். மாடியில் இருப்பவர்கள் பீரோ மாற்ற வேண்டும் என்று மகனைக் கேட்டிருக்கிறார்கள். பிறகு ஒரு நர்ஸம்மா வீடு மாற்ற. இப்போது தினமும் இரண்டு நடை, சில நாள் மூன்று. ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறானாம்.

"நீங்க நெனச்சது நடந்துடுச்சே அண்ணி! வண்டி ஓடுது, பையன் ஓட்டறான். இன்னும் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

ஆமாம் என்றேன். அவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். அவன் போன பிறகும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நினைத்தது நடந்துவிட்டது. நான் இல்லாத இடத்தில் நடந்திருக்கிறது. நான் இல்லாததனால் நடந்திருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

மே 10, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

மே 14, வியாழன்

கண் டாக்டரிடம் போய்த் திரும்பும்போது பஸ் சிக்னலில் நின்றது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வரிசையில் நீல ட்ரெய்லர்.

மேலிருந்து பார்க்க எல்லாம் தெரிந்தது. நான்கு மெத்தை, ஒரு சாப்பாட்டு மேசை, கால் மேலே பார்த்து. கயிறு கச்சிதமாக இருந்தது. பலகை நடுவில் தேய்ந்து வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. இன்னொரு கை எண்ணெய் தடவ வேண்டும். ஜீப்பில் அவன் மட்டும்தான். கை ஜன்னலுக்கு வெளியே, கதவில் ஏதோ தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்.

கூப்பிட்டால் கேட்கிற தூரம். என் ஜன்னலும் திறந்துதான் இருந்தது. அவன் பெயர் நுனி நாக்கு வரை வந்தது. அதற்குப் பின்னால் என்னென்ன வரிசையாக நிற்கிறது என்று எனக்குத்தான் தெரியும். முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டேன்.

விளக்கு மாறியது. அவன் வண்டி முன்னால் போயிற்று, மேட்டில் ஏறி இறங்கிற்று. ஒரு பலகைகூட ஆடவில்லை.